முதலில் சக்கரம், பிறகு எஞ்சின்

(ஒட்டன்சத்திரத்தில் பிக்அப் வண்டி வைத்து ஓட்டுவோர் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு கணக்கைச் சொல்லித் தொடங்குகிறேன். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி. லிட்டருக்கு 12 கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 9 தான் கொடுக்கிறது. முன்பு பன்னிரண்டரை லிட்டரில் முடிந்த ஓட்டத்துக்கு இன்று பதினாறரை லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டியிருக்கிறது. நாலு லிட்டர் சொச்சம் கூடுதல். டீசலை 90 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 375 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 9,375 ரூபாய். வாடகையைக் கூட்டிக் கேட்டால் மண்டிக்காரர் அடுத்த வண்டியைக் கூப்பிடுவார். டீசல் விலையை நாம் தீர்மானிப்பதில்லை. நம் கைக்கு எட்டுவது இந்த நாலு லிட்டர் மட்டும்தான். அது எந்த வழியாகப் போகிறது என்று தேடிப் பிடிப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு டீசல் எஞ்சின் பாடம் சொல்வது என் வேலை. ஆனால் இன்றைக்கு நான் சொல்வதில் பாதிக்கு எஞ்சினைத் திறக்கவே வேண்டியதில்லை.

பழைய வண்டி என்று நான் சொல்வது 2020 ஏப்ரலுக்கு முன்னால் ரோட்டுக்கு வந்த டீசல் பிக்அப்புகளை. பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் முதலிய சாமான்கள் சேர்ந்துவிட்டன. அவை தனிக் கதை. இங்கே வெளியே நிற்பவை பெரும்பாலும் பொலிரோ பிக்அப், டாடா 207 போன்றவை. சிலவற்றில் மெக்கானிக்கல் டீசல் பம்ப், சிலவற்றில் காமன் ரெயில். இரண்டுக்கும் பொருந்துவதைச் சொல்கிறேன், வேறுபடுகிற இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன்.

மைலேஜ் குறைந்தது என்று பட்டறையில் சொன்னால் முதலில் காதில் விழும் சொல் "நாசில் போயிருக்கும், பம்ப்பைக் கழற்றிக் காலிபரேஷன் பண்ணிடலாம்" என்பதுதான். நாசில் போவதும் உண்டு, பம்ப் தேய்வதும் உண்டு. என் சண்டை வரிசையைப் பற்றியது. பல ஆயிரம் ரூபாய் ஆகிற வேலையை முதலில் செய்துவிட்டு, காசே ஆகாத சோதனையைக் கடைசிவரைக்கும் செய்யாமலே விடுகிறோம். பழைய வண்டியில் டீசல் ஒரே ஓட்டை வழியாகப் போவது அபூர்வம். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று நாலைந்து இடத்தில் பிரிந்து போகும். எஞ்சினில் தொடங்கினால் அந்த நாலைந்தில் ஒன்றுதான் கிடைக்கும், அதுவும் விலை கூடினது. சக்கரத்தில் தொடங்கி எஞ்சினை நோக்கிப் போனால் மலிவானவை எல்லாம் முதலில் கிடைத்துவிடும். நான் சொல்ல வந்ததே இதுதான், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

அதற்கும் முன்னால் ஒன்று. உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் எவ்வளவு? "ஆயிரம் ரூபாய்க்கு ஊற்றினேன், முள் இவ்வளவு ஏறியது" என்பது மைலேஜ் ஆகாது. டீசல் முள்ளை நம்பிக் கணக்குப் போடவே கூடாது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே குழாய். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் டேங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒன்றிரண்டு லிட்டர் கூடவோ குறையவோ பிடிக்கும். குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் குலுக்கி ஊற்றவேண்டாம். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஓடிவிட்டு, மறுபடி அதே மாதிரி நிரப்புங்கள். இப்படி அடுத்தடுத்து மூன்று நிரப்புதலைக் கூட்டிச் சராசரி எடுத்தால்தான் அது எண். பங்க்கின் அளவில் சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

கிலோமீட்டர் மீட்டரும் பொய் சொல்லும். 215/75 ஆர்15 டயர் போட்டு வந்த வண்டியில், லோடு தாங்கட்டும் என்று 235/75 டயர் மாட்டியிருப்பார்கள். அந்த டயரின் உயரம் 4 சதவீதத்துக்கு மேல் கூடுதல். சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. 100 கிலோமீட்டர் ஓடினால் 96 என்று காட்டும். உண்மையில் 12 கொடுக்கிற வண்டி உங்கள் நோட்டில் பதினொன்றரையாக விழும். அரை கிலோமீட்டர் நஷ்டம் நடக்கவே இல்லை, நடந்ததாகத் தோன்றும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லை வைத்து 20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் உங்கள் மீட்டர் எவ்வளவு தப்பு என்பது தெரிந்துவிடும். தேய்ந்த டயரில் இதற்கு எதிர்மாறாக நடக்கும். மைலேஜ் நன்றாக இருப்பதுபோல் காட்டும், புது டயர் போட்டதும் "புது டயர் வந்ததிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது" என்பார்கள்.

இனி, ஒரு லிட்டர் டீசல் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினைச் சோதனைக்கு நிறுத்தியபோது, எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்துக்குச் சற்று மேலே அது வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை இதில் பாதியைக்கூடத் தொடவில்லை. குறைந்த எரிபொருளில் கூடுதல் வேலை என்பதற்காகவே பிறந்த எஞ்சின் அது. இன்று நம் வண்டியில் ஒரு லிட்டருக்குள் சுமார் 36 மெகா ஜூல் சக்தி இருக்கிறது. எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 12 மெகா ஜூல், சக்கரத்துக்கு வந்து சேரும். மற்றது சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். அதை யாரும் தடுக்க முடியாது.

இந்த 12-ஐ வைத்துக்கொண்டு சில கணக்குகள் போட்டுக் காட்டுகிறேன். லோடோடு 3 டன் இருக்கிற வண்டி 60 வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பிரேக் மிதித்து நிறுத்தி, மறுபடி 60-க்குக் கொண்டுவருகிறீர்கள். அதற்கு ஏறத்தாழ 35 மில்லி டீசல். முப்பது தடவை இப்படி நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் போயிற்று. ஊருக்குள் போகிற வண்டிக்கும் பைபாஸில் போகிற வண்டிக்கும் மைலேஜ் ஏன் ஒத்துப்போகாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இன்னொன்று: பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிறீர்கள். உயரம் சுமார் 1800 மீட்டர் கூடுகிறது. 3 டன்னை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் நாலரை லிட்டர் அளவுக்கு வேண்டும். காற்று, டயர், வளைவு எல்லாம் அதற்கு மேலே. மலைக்கு ஏறின நாளின் மைலேஜை வைத்து வண்டியைக் குறை சொல்லாதீர்கள். பாலக்காட்டு ரோட்டு மைலேஜைப் பாலக்காட்டு ரோட்டோடும், மலை மைலேஜை மலையோடும் ஒப்பிடுங்கள்.

வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 60-லிருந்து 80-க்குப் போனால் காற்று எதிர்க்கும் விசை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. கேபினுக்கு மேலே தார்ப்பாய் கட்டி, தக்காளிப் பெட்டியை உயர அடுக்கிக்கொண்டு போகும் பிக்அப்புக்கு இது 100 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் அளவில் வரும் என்பது என் கணக்கு. 1978-ல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 45-லிருந்து 55 வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பிரச்சாரம் செய்துவருவதற்குக் காரணம் இதுதான். விடியற்காலைச் சந்தையைப் பிடிக்க ஓடுகிறவருக்கு 50-ல் போ என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் காலி வண்டியோடு திரும்பி வரும்போது 85 எதற்கு? தார்ப்பாயைப் படபடவென்று அடிக்க விட்டுக்கொண்டு வருவது எதற்கு?

இப்போது வண்டிக்குப் போவோம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்தார். கேரளத்துக்குக் காய் ஏற்றுகிற வண்டி. மைலேஜ் 9. கையில் ஒரு எஸ்டிமேட் சீட்டு, அதில் பம்ப் காலிபரேஷன், நாலு நாசில். நகையை அடகு வைக்கப்போவதாகச் சொன்னார். வண்டியை நாலு கிலோமீட்டர் ஓட்டிவரச் சொன்னேன், ஆனால் கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கைத் தொடாமல், காலை எடுத்து உருட்டிக்கொண்டே வந்து நிறுத்தச் சொன்னேன். இறங்கி நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டுபோனோம். இடது பின் சக்கரத்து டிரம்முக்கு அருகே கையை வைக்க முடியவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் சக்கரம் அரைச் சுற்று வந்து நின்றது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து உறைக்குள் இறுகிப்போய், லீவரை இறக்கின பிறகும் ஷூவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பற்றி நான் விரிவாகப் பேசுவதற்குக் காரணம், ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது என்பதுதான். ஒரு சக்கரத்தில் 5 கிலோ இழுப்பு இருந்தால் ஸ்டியரிங்கில் அது புலப்படாது. லோடு வண்டியில் இழுவைக் குறைவும் தெரியாது. ஆனால் 100 கிலோமீட்டருக்கு 400 மில்லி டீசலை அது தின்றுவிடும். இரண்டு பின் சக்கரமும் அப்படி என்றால் 800. கூடவே லைனிங் தேய்கிறது, கிரீஸ் உருகி பேரிங் போகிறது. மலை இறக்கத்தில் ஏற்கெனவே சூடான டிரம் பிரேக் பிடிக்காமல் போகலாம், அது உயிர் சம்பந்தப்பட்டது. காரணங்கள் பல. கேபிள் ஒன்று. வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து உள்ளே திரும்பாமல் நிற்பது இன்னொன்று. முன் டிஸ்க்கில் காலிபர் பிஸ்டனின் ரப்பர் கிழிந்து சேறு போய் இறுகுவது உண்டு. பிரேக் ஹோஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே வீங்கி, மிதித்தால் ஆயிலை விட்டு, விட்டால் திரும்ப விடாமல் இருப்பதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க இறுகிய சக்கரத்தின் பிளீடிங் நிப்பிளை லேசாகத் தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் சுழன்றால் ஹோஸோ மாஸ்டர் சிலிண்டரோ பிரஷரைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆயில் வந்தும் சக்கரம் சுழலாவிட்டால் கோளாறு அந்தச் சக்கரத்துக்குள்ளேயே. மாதம் ஒரு முறை நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். ஜாக்கி உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. கட்டை கொடுக்காமல் தூக்காதீர்கள்.

அந்த வண்டியில் கேபிளை மாற்றினோம். மற்றதற்குப் பிறகு வருகிறேன்.

டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடி வந்து சூடான டயரில் பிரஷர் ஏறியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் லோடுக்கு எவ்வளவு, காலிக்கு எவ்வளவு, முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். அட்டவணை உரிந்துபோயிருந்தால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பஞ்சர் கடைக்காரரின் உத்தேசம் போதாது. அலைன்மென்ட்டைக் கையாலேயே பார்க்கலாம். முன் டயரின் முகத்தில் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒரு தடவை, வெளியிலிருந்து உட்பக்கமாக ஒரு தடவை உள்ளங்கையை ஓட்டுங்கள். ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் ரம்பப் பல் மாதிரியும் தட்டினால், டயர் நேராக உருளாமல் உராய்ந்துகொண்டு போகிறது என்று அர்த்தம். டயர் ரப்பரும் போகிறது, டீசலும் போகிறது.

பாடி கட்டுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த தொட்டிக்கு மேலே கனமான இரும்புத் தகடும் சட்டமும் வைத்துக் கட்டுகிறோம். அந்த எடை லோடு இல்லாத நாளிலும் வண்டியோடு வருகிறது. எடை மேடையில் காலி வண்டியை ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எடைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை, வாடகை வராத நிரந்தர லோடாக நீங்கள் சுமக்கிறீர்கள்.

கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்க, மேட்டில் டாப் கியரில் வைத்து மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் போய்விட்டது. கியர் பாக்ஸ், ஹவுசிங் ஆயிலின் கிரேடு மாறியிருந்தாலும் கொஞ்சம் போகும். இவ்வளவு போதும் இதற்கு.

எஞ்சினுக்கு வருகிறோம். இங்கே நான் மிகவும் வருத்தப்படுகிற ஒரு காரியம் இருக்கிறது. வண்டி ஹீட் ஆகிறது என்று பட்டறைக்குப் போனால், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இந்தச் சொல் இந்த வட்டாரம் முழுக்கப் பரவியிருக்கிறது. வெயில் 40 டிகிரி. எஞ்சினுக்கு வேண்டிய தண்ணீர்ச் சூடு 80 டிகிரிக்கு மேல். ஊர் வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எஞ்சின் அந்தச் சூட்டை அடையும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது அந்த வால்வின் வேலை. அதை எடுத்துவிட்டால் அதிகாலைக் குளிரிலும், மழையிலும், காலி ஓட்டத்திலும் எஞ்சின் சூடேறாமலே ஓடும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும், ஆயில் நீர்த்துப்போய் ரிங்கும் லைனரும் தேயும். காமன் ரெயில் வண்டியில் கம்ப்யூட்டர் இன்னும் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்றே நினைத்து அதற்கேற்ப டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். சில எஞ்சின்களில் வால்வை எடுத்தால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, லோடில் முன்பைவிடக் கூடுதலாக ஹீட் ஆகும். ஹீட்டைக் குறைக்கத்தான் கழற்றினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வால்வு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, காலையில் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். ஃபேன் பெல்ட்டில் கை படாமல் கவனமாகத் தொடுங்கள். வால்வு இருந்தால் ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெதுமெதுவாக வெதுவெதுப்பு ஏறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் சொன்ன தம்பியின் வண்டியிலும் அது இல்லை. அவருக்கே தெரியாது, முந்தின சொந்தக்காரர் காலத்தில் எடுத்திருக்கிறார்கள். வண்டி ஹீட் ஆவதற்கு உண்மைக் காரணம் வேறு: கூலன்ட் ஊற்றாமல் உப்புக் கூடிய போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, வால்வைப் போட்டு, கூலன்ட் நிரப்பினோம்.

அடுத்தது காற்று. டீசல் எஞ்சினில் புகையைப் பார்த்தாலே பாதி தெரியும். மிதித்தால் கறும்புகை தொடர்ந்து வருகிறது என்றால் டீசலுக்கேற்ற காற்று உள்ளே போகவில்லை, அல்லது டீசல் கூடுதல். வெண்புகை, அதுவும் கண்ணை எரிக்கும் வாடையோடு வந்தால் டீசல் எரியாமல் போகிறது: டைமிங் பிந்தியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில். கறும்புகைக்கு முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பெட்ரோல் வண்டி விஷயம் வேறு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் சோதித்தபோது, கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உள்ள பெட்ரோல் கார்களில் அடைத்த ஏர் ஃபில்டரால் இழுவைதான் குறைந்தது, மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டிக்கு அந்த முடிவு பொருந்தாது. காற்று குறைந்தாலும் அது டீசலைக் குறைக்காது, கறும்புகையாகத் தள்ளிவிடும். ஃபில்டரை எதிர்ப்பக்கத்திலிருந்து ஏர் அடித்து அடித்துக் காகிதத்தைக் கிழித்துவைத்திருப்பார்கள். கிழிந்த ஃபில்டர் வழியாகப் போகும் செம்மண் தூசி டர்போவையும் ரிங்கையும் அரைத்துவிடும். புது ஃபில்டரின் விலை அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஃபில்டர் நன்றாக இருந்தும் கறும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். நின்ற இடத்தில் பார்த்தால் விரிசல் மூடிக்கொண்டு தெரியாது. கழற்றி வளைத்துப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் ஆயில் கசிந்து தூசி ஒட்டிய கறுப்புத் தடம் இருந்தால் அங்கேதான் காற்று போகிறது. டர்போ அழுத்திக் கொடுத்த காற்று வெளியே போவதால் இழுவை குறைகிறது, இழுவை குறைவதால் ஓட்டுகிறவர் இன்னும் மிதிக்கிறார். தம்பியின் வண்டியில் மூன்றாவதாகக் கிடைத்தது இந்த ஹோஸ்தான். கேபிள், வால்வு, ஹோஸ், டயர் காற்று இவ்வளவையும் சரிசெய்த பிறகு, பம்ப்பையும் நாசிலையும் தொடாமலேயே, அதே ரோட்டில் அதே லோடில் 9 கொடுத்த வண்டி 11-ஐத் தாண்டியது. நகை வீட்டிலேயே இருக்கிறது.

இ.ஜி.ஆர். வால்வு உள்ள வண்டிகளில் அது கரியேறித் திறந்தபடி நின்றாலும் இதே கறும்புகை வரும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்பார்கள், அது புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு விரோதம், எஃப்.சி.யிலும் பிரச்சினை. ரேடியேட்டர் ஃபேன் எந்நேரமும் ஊளையிட்டுக்கொண்டு சுற்றினால் அதன் விஸ்கஸ் கிளட்ச் இறுகியிருக்கிறது. எஞ்சின் பலத்தில் ஒரு பங்கைத் தேவையில்லாத நேரத்திலும் அது பிடுங்கிக்கொள்ளும். டீசல் கசிவுக்கு ரிட்டன் லைன் ரப்பர் குழாய்களைத் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். வெளியே சொட்டாத கசிவும் உண்டு: சில பழைய எஞ்சின்களில் ஃபீட் பம்ப்பின் டயாப்ரம் கிழிந்து டீசல் நேராக ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறுகிறது, டீசல் வாடை அடிக்கிறது என்றால் வண்டியை அதோடு நிறுத்துங்கள். பேரிங் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் நாசில்.

மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் எந்தச் சிலிண்டர் சோம்பேறி என்று கண்டுபிடிக்கப் பழைய முறை இருக்கிறது. ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்துவது. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும், தடுமாறாத சிலிண்டரில்தான் கோளாறு. இதைக் காமன் ரெயில் வண்டியில் ஒருநாளும் செய்யாதீர்கள். தம்பிமார் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அந்தக் குழாய்க்குள் அழுத்தம் 1000 பாருக்கு மேலும் ஏறும். மயிரிழை போல வெளியேறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தின அளவே தெரியும், ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்கவேண்டி வரும். காமன் ரெயிலுக்கு வேறு வழி இருக்கிறது. நாலு இன்ஜெக்டரின் ரிட்டன் குழாயையும் நாலு சின்ன பாட்டிலில் விட்டு ஓடவிட வேண்டும். எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஒன்று போயிருக்க, நாலையும் மாற்றச் சொன்னால் இந்தச் சோதனையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய வகை நாசிலை டெஸ்ட் ஸ்டாண்டில் வைத்து உங்கள் கண் முன்னால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். குறித்த அழுத்தத்தில் திறக்க வேண்டும், பனிப்புகைபோலத் தெளிக்க வேண்டும், அடித்து முடித்த பின் நுனியில் சொட்டு நிற்கக் கூடாது. காலிபரேஷன் செய்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை மில்லி வந்தது என்ற அளவுச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப்பை மாட்டும்போது டைமிங் சரியாக வைக்காவிட்டால் காலிபரேஷன் செலவு வீண். "இழுவை வேணும்ணே" என்று கேட்டு ஸ்குரூவைத் திருப்பி டீசலைக் கூட்டிக்கொள்கிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். பிறகு மைலேஜ் இல்லை என்று வருகிறார்கள். காமன் ரெயில் வண்டிக்கு ஸ்கேனர் போடும்போது, எரர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், தண்ணீர்ச் சூடு எத்தனை டிகிரி காட்டுகிறது என்பதையும் படிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாகி இருக்க, சென்சார் 40 டிகிரி என்று காட்டினால் டீசல் கூடுதலாகத்தான் போகும்.

ஓட்டும் முறையில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். மலை இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். கியரில் வைத்துக் காலை எடுத்தால், சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது, பம்ப் டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. பழைய மெக்கானிக்கல் கவர்னரும் அப்படித்தான், காமன் ரெயிலும் அப்படித்தான். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐடில் டீசல் எரிந்துகொண்டே இருக்கும். ஆக நியூட்ரலில்தான் செலவு. அதோடு எஞ்சின் பிரேக் கிடையாது, முழு எடையும் பிரேக் லைனிங்கில் விழுந்து டிரம் சூடாகிறது. மலைச் சாலைகளில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை என்று விற்றுக்கொண்டு வருகிறவர்கள் உங்களிடமும் வந்திருப்பார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட சாதனங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்திருக்கிறது. மிகச் சிலவற்றில்தான் ஏதோ சிறு பலன் தெரிந்தது, பெரும்பாலானவற்றில் ஒன்றும் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல காற்றுமானி வாங்கலாம்.

எல்லாம் பார்த்தும் மைலேஜ் ஏறவில்லை என்றால் எஞ்சினே தேய்ந்திருக்கலாம். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளும், காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், ஆயில் குறைந்துகொண்டே வரும். அப்போதும் எஞ்சினை இறக்க உடனே சம்மதிக்காதீர்கள். டேப்பெட் இடைவெளியைச் சரி பார்த்துவிட்டு, நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி வால்வு உட்கார வைப்பதோடு முடியலாம். நாலும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ரிங், லைனர் வேலை. அந்தச் செலவை மாதம் மிச்சமாகும் டீசல் காசால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதம் என்று வருகிறதோ, அத்தனை மாதத்துக்கு இந்த வண்டியின் சேஸிஸும் எஃப்.சி.யும் தாங்குமா என்பதைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.